சின்ன பாத்ரூமில் 45 டிகிரி டைல் மூலை: நுனியில் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள்

பாத்ரூம் சின்னதாக இருந்தால் சுவரின் வெளிமூலைகள் எல்லாம் உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹாலில் ஒரு தூணின் மூலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. நாலரை அடிக்கு ஏழடி பாத்ரூமில் அதே மூலையில் தோள் உரசும், கை ஊன்றும், வாளி இடிக்கும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பழைய பாத்ரூமை உடைத்து மறுபடி கட்டியபோது அப்படி நான்கு இடங்கள் வந்தன: கழிவுநீர்க் குழாயை மறைக்கும் பெட்டிச் சுவர், குளிக்கும் இடத்தைப் பிரிக்கும் அரைச்சுவர், சோப்பும் ஷாம்பும் வைக்கிற மாடம், ஜன்னலின் உள்வாய். நான்கிலும் இரண்டு டைல்கள் வெளிப்பக்கமாகச் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை எப்படி முடிப்பது என்பதற்கு நாங்கள் கொடுத்த கவனத்தை மற்ற எதற்கும் கொடுக்கவில்லை.

காரணம், அம்மா. எழுபது தாண்டியவர். குளித்துவிட்டு எழும்போது அரைச்சுவரைப் பிடித்துத்தான் எழுவார். அந்த மூலை பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட, ஈரக் கை வழுக்கி அதன் மேல் இழுபட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

டைலின் ஓரத்தை மூடும் பட்டையான பீடிங் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளுக்கு அதுவே போதும், அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. பி.வி.சி. பீடிங் விலை குறைவு. நாளாக ஆக மஞ்சள் பூக்கும், இடிபட்டால் பிளக்கும். அலுமினியம் நேர்த்தியாக இருக்கும். ஆனால் கடல் காற்றும் உப்புப் போர்த் தண்ணீரும் உள்ள ஊரில் அது வெள்ளையாகப் பூத்துக் குழி விழுவதைப் பக்கத்து வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் 304 ரகம் நல்லது, ஆனால் உப்பு அதிகமான இடத்தில் அதிலும் பழுப்புப் புள்ளி வரும். 316 அதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. பீடிங் வைப்பதானால் டைல் கனத்துக்குச் சரியான அளவைப் பார்த்து வாங்குங்கள். 9 மி.மீ. டைலுக்கு 8 மி.மீ. பீடிங் வைத்தால் டைலின் ஓரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பீடிங் போட்ட பயனே இல்லாமல் போகும்.

எங்களுக்கு உப்புதான் முடிவு செய்தது. உலோகமே வேண்டாம், 45 டிகிரி போட்டுவிடலாம் என்று இறங்கினோம்.

இரண்டு டைல்களின் ஓரத்தையும் பின்பக்கமாக 45 டிகிரிக்குச் சாய்த்து இழைத்து, மூலையில் ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் இந்த வேலை. கேட்க எளிது. நாங்கள் முதலில் பேசிய மேஸ்திரி கைபேசியில் சில படங்கள் காட்டினார். கோடே தெரியாமல், கத்தி முனையாகச் சேர்ந்த மூலைகள். படத்தில் அற்புதமாக இருந்தன. பிறகு வேலைக்கு அமைந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர். அதே படத்தைக் காட்டியபோது அவர் சொன்னது: "பார்க்க நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. புழங்குற வீட்டுல கொஞ்ச நாள் கழிச்சு வந்து பாருங்க, ஓரம் பூரா பேந்திருக்கும்."

அவர் சொன்னது ஏன் உண்மை என்று டைலின் உடம்பைப் பார்த்தால் புரியும். சுவருக்குப் போடும் செராமிக் டைல் நுண்துளைகள் நிறைந்தது, தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அவ்வளவு இறுக்கமானது. செராமிக்கிலும், கண்ணாடிப் பூச்சு போட்ட விட்ரிஃபைடிலும் (ஜி.வி.டி.), மேலே நாம் பார்க்கும் நிறமும் டிசைனும் அந்த மெல்லிய பூச்சில் இருப்பவை. ஓரத்தை முழுசாக 45 டிகிரிக்கு இழைத்தால் நுனியில் மிஞ்சுவது அந்தப் பூச்சும் அதன் கீழே காகிதக் கனத்துக்குக் கொஞ்சம் களிமண்ணும் மட்டும். தாங்கிப் பிடிக்கப் பின்னால் எதுவும் இல்லை. இழைக்கும்போதே சில்லு தெறிக்கும். தெறிக்காமல் தப்பித்தாலும் முதல் வாளி இடியில் போய்விடும். போன இடத்தில் உள்ளே இருக்கும் சிவப்போ வெள்ளையோ பல்லிளிக்கும். அப்படிப் பேர்ந்த கண்ணாடி ஓரம் தோலைக் கிழிக்கவும் செய்யும்.

அதனால் எங்கள் மேஸ்திரியின் விதி: நுனியில் ஒரு மில்லிமீட்டர் நேராக விட்டுவிட்டுத்தான் சாய்வை ஆரம்பிக்க வேண்டும். எங்கள் டைல் 9 மி.மீ. கனம். முன்பக்கத்திலிருந்து ஒரு மி.மீ. தொடக்கூடாது, மிச்ச 8 மி.மீ. மட்டும் சாய்வு. அப்படி இழைத்த இரண்டு டைல்களைச் சேர்த்தால் மூலையின் நுனியில் ஒரு சின்னப் படி மாதிரியான பள்ளம் விழும். இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. அந்தப் பள்ளத்தில் எபாக்ஸி (ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகும் நிரப்பி) போய் உட்காரும். முடித்த பிறகு மூலை ஒன்றரை மி.மீ. அகலத்தில் மழுங்கிய ஒரு கோடாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கோடு தெரியாது, தொட்டால் கையை அறுக்காது. இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இந்த ஒரு மில்லிமீட்டரை வையுங்கள்.

இன்னொன்று, சாய்வு சரியாக 45 டிகிரி வேண்டாம், பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும். 8 மி.மீ. உள்ளே போக வேண்டிய இடத்தில் 9 மி.மீ. போனால் நல்லது. சரியாக 45 வைத்தால், இரண்டு டைல்களின் பின் ஓரங்களுக்கு நடுவே ஒரு மணல் அளவு கம் (டைல் ஒட்டும் பசை) மாட்டினாலும் முன்பக்கம் வாய் பிளந்துகொள்ளும். பிறகு எவ்வளவு தட்டினாலும் சேராது. கூடுதலாக இழைத்திருந்தால் முன் நுனிகள் முதலில் சந்திக்கும், பின்னால் கம் நிற்க இடமும் இருக்கும். சுவரின் மூலை ஒன்றிரண்டு டிகிரி கோணலாக இருந்தாலும் இந்தக் கூடுதல் இழைப்பு சமாளித்துக்கொடுக்கும்.

ஆனால் சுவரே தப்பாக இருந்தால் எதுவும் காப்பாற்றாது. மேஸ்திரி டைலைக் கையில் எடுப்பதற்கு முன்பே பூச்சு வேலையில்தான் அதிக நேரம் எடுத்தார். பழைய சுவரின் மூலை மேலிருந்து கீழே வருவதற்குள் கண்ணால் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது. அதன் மேல் அப்படியே டைல் ஒட்டினால் கீழே சேர்ந்திருக்கும் இணைப்பு மேலே போகப் போக விரியும். விரிந்ததைக் கம் கனத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் மூலைக்குப் பின்னால் வெற்றிடம் நிற்கும். அதனால் மூலையைக் கொத்தி எடுத்து, தூக்குக்குண்டு விட்டு, இரண்டு பக்கமும் சட்டம் கட்டிப் புதிதாகப் பூசினார். குழாய்ப் பெட்டியும் அரைச்சுவரும் புதிதாகக் கட்டியவை என்பதால் அங்கே வேலை சுலபம். செங்கல் வைக்கும் முன்பே தரையில் கோடு போட்டு 3-4-5 கணக்கில் மூலை பார்த்துவிட்டோம். 30 செ.மீ. ஒரு பக்கம், 40 செ.மீ. இன்னொரு பக்கம், குறுக்கே 50 வந்தால் மூலை சரி. கட்டி முடித்த வெளிமூலையில் இந்தக் கணக்கைப் போட முடியாது, குறுக்குக் கோடு சுவருக்குள் போய்விடும். அதற்குப் பெரிய மூலைமட்டம்தான் வழி. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சு காய்ந்து, தண்ணீர்க் கசிவுக்கான பூச்சும் அடித்து முடித்த பிறகுதான் டைல். டைலும் கிரௌட்டும் (டைல் இடைவெளியை நிரப்பும் கலவை) தண்ணீரை நிறுத்திவிடும் என்று நம்பி அந்தப் பூச்சை விட்டுவிடாதீர்கள். பெட்டிச் சுவரின் மூலைகளில் இரண்டு கோட்டிங்குக்கு நடுவே வலைத்துணி பதித்தோம்.

டைல் வாங்கும்போது கடையில் உடைந்த துண்டு ஒன்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைக்காரர்கள் மறுப்பதில்லை. உடம்பின் நிறம் மேற்பரப்பின் நிறத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் நாளைக்கு ஒரு சில்லு போனாலும் கண்ணை உறுத்தாது. அடர் நிறத்தில் டைல் எடுத்து உள்ளே வெளிர் களிமண் என்றால் 45 போடுவது வீண் வேலை, பீடிங்கே வைத்துவிடலாம். சிவப்பு உடம்புள்ள செராமிக்குக்கும் அதையே சொல்வேன். நாங்கள் எடுத்தது மணல் நிறத்தில், வழுவழுப்பில்லாத மேட் ஜி.வி.டி.; உடம்பு தந்த வெள்ளை. மேட் எடுத்ததற்கு இன்னொரு காரணம், கடைசியில் ஓரத்தை மழுக்கும்போது மேற்பரப்பில் பட்டுவிட்டால் பளபளப்பு டைலில் அந்தத் தேய்ப்பு அப்படியே தெரியும். நம் ஊருக்கு வரும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவை. ஒரே டிசைன் என்றாலும் வேறு வேறு முறை சுட்டதில் நிறமும் அளவும் மாறும். பெட்டியில் ஷேடு, சைஸ் எண்கள் அச்சடித்திருக்கும். ஒரே மூலையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் உள்ள பெட்டியிலிருந்து எடுங்கள். சைஸ் ஒரு மி.மீ. மாறினால்கூடப் படுக்கைக் கோடு மூலையைச் சுற்றி வரும்போது படியிறங்கிவிடும்.

டைல் வரிசையை வெளிமூலையிலிருந்து ஆரம்பித்தோம். வெட்டுத்துண்டு போக வேண்டிய இடம் உள்மூலை. சின்ன பாத்ரூமில் பலர் கதவுக்கு எதிர்ச்சுவரிலிருந்து ஆரம்பித்துக்கொண்டு வந்து வெளிமூலையில் மூன்று விரல் அகலத் துண்டை வைத்து முடிக்கிறார்கள். அகலம் குறைந்த துண்டில் 45 இழைக்கும்போது கையில் பிடிக்கவே இடமிருக்காது, உடையும். உடையாமல் ஒட்டினாலும் பார்வைக்கு ஒட்டுப்போட்டதாகத்தான் இருக்கும்.

இழைப்புக்கு மேஸ்திரி இரண்டு மெஷின் வைத்திருந்தார். அடித்தட்டைச் சாய்க்கும் வசதியுள்ள 4 அங்குலக் கட்டிங் மெஷினால் முதலில் பெரும்பகுதியை எடுத்துவிடுவார். பிறகு ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் பேடு மாட்டி, பென்சில் கோடு வரைக்கும் மெதுவாகக் கொண்டுவருவார். பிளேடு, பற்கள் இல்லாத முழு விளிம்பு பிளேடாக இருக்க வேண்டும். பல் வைத்த பிளேடு கான்கிரீட்டுக்குச் சரி, டைல் நுனியைக் கடித்துவிடும். டைலுக்குக் கீழே ஃபோம் ஷீட் விரித்துக்கொண்டார், அதிர்வு குறையும். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காமல் மூன்று நான்கு தடவையாக எடுப்பார். டவுன்களில் இப்போது ஓரம் இழைத்துக் கொடுக்கும் பட்டறைகளும் இருக்கின்றன, ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது நீள அடிக்கு இவ்வளவு என்று, கூலி. நிறைய மூலைகள் இருந்தால் அங்கே கொடுப்பது சரிதான், ஆனால் "நுனியில் ஒரு மி.மீ. விட்டு" என்று எழுதியே கொடுங்கள். சொல்லாவிட்டால் கத்தி முனையாகத்தான் வரும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உலர்ந்த டைலை அறுக்கும்போது எழும் வெள்ளைத் தூசியில் இருப்பது சிலிக்கா. அது நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் வருவது சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லாத நோய். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அதாவது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில், அது இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே அந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் நம் வீடுகளில் வேலை செய்கிறவர்கள் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மூடிய பாத்ரூமுக்குள்ளேயே அறுக்கிறார்கள். துண்டு அந்த நுண்தூசியை நிறுத்தாது. எங்கள் வீட்டில் இழைப்பு முழுவதும் மொட்டைமாடியில் நடந்தது. கட்டிங்குக்கு ஒரு பையன் பாட்டிலில் ஓட்டை போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். இருவருக்கும் N95 மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் என்பதால், மெஷின் இணைப்பை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனிலிருந்து மட்டும் எடுத்தோம். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை இது, மேஸ்திரி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒட்டுவதற்கு சிமென்ட் பால் வேண்டாம். விட்ரிஃபைடு டைல் தண்ணீரே உறிஞ்சாதது, சிமென்ட் அதைப் பிடிக்காது. டைல் கம் பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் வகை எண்ணும் போட்டிருக்கும். விட்ரிஃபைடுக்கு வகை 2-க்குக் குறையாமல் எடுத்தோம். பல்கரண்டியால் சுவரில் ஒரு பூச்சு, டைலின் முதுகில் மெல்லிதாக இன்னொரு பூச்சு. மூலையில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை: முதல் டைலை ஒட்டிய பிறகு, அதன் சாய்வு மேலும் சுவர் மூலையிலும் கம்மை நிரப்பி, அதற்கு மேல் இரண்டாவது டைலை அழுத்தி உட்காரவைப்பது. முன்னால் பிதுங்கி வரும் கம்மை ஈரமாக இருக்கும்போதே ஒரு மெல்லிய குச்சியால் இரண்டு மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், எபாக்ஸிக்கு அந்த இடம் தேவை. பிறகு மூலையைச் சுற்றி நான்கைந்து இடத்தில் டேப் ஒட்டி விட்டுவிட்டார். மறுநாள் மூலை நெடுக நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். மாடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் டொக்கு டொக்கென்று வெற்று ஓசை கேட்டது. மேஸ்திரி எதுவும் பேசாமல் அந்த டைலைப் பெயர்த்தெடுத்து வேறு ஒன்று இழைத்து ஒட்டினார். வெற்று மூலை என்பது உடைவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற மூலை.

கம் நன்றாக இறுகிய பிறகு நுனியை லேசாக மழுக்க வேண்டும். இதற்கு மெஷின் வேண்டாம். கையில் பிடித்துத் தேய்க்கும் டைமண்ட் கட்டை, எண் 200, பிறகு 400. டைல் முகத்தில் மூலைக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் கண்ணாடிப் பூச்சு பிசிறும். விரல் வைத்துப் பார்த்தால் உறுத்தக்கூடாது, அவ்வளவுதான் அளவு. அதற்கு மேல் தேய்த்தால் உள்நிறம் வெளியே வந்துவிடும்.

எபாக்ஸியைக் காலையில் செய்தோம். தூத்துக்குடி வெயிலில் மதியம் கலந்தால் மூலையை முடிப்பதற்குள் டப்பாவிலேயே இறுகத் தொடங்கும். முழு டப்பாவையும் கலக்காமல், ரெசினையும் ஹார்டனரையும் பெட்டியில் சொன்ன விகிதத்தில் சின்னத் தராசில் எடை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். கண் மதிப்பில் போட்டால் சில இடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நிறத்தை டைலைவிட ஒரு மடங்கு வெளிறியதாக எடுக்காமல், அதே நிறம் அல்லது சற்றே அடர்த்தியாக எடுங்கள், உப்புக்கறையும் சோப்புக்கறையும் தெரியாது. பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் டேப், ரப்பர் கரண்டியால் அழுத்தி நிரப்பல், ஈர விரலால் ஒரு இழுப்பு, உடனே டேப்பை உரித்தல். பிறகு ஈர ஸ்பஞ்சால் மெதுவாகத் துடைத்து, சற்று நேரம் விட்டு இன்னொரு தடவை. இரண்டாவது துடைப்பை விட்டுவிட்டால் டைல் மேல் ஒரு மங்கல் படலம் நின்றுவிடும், மேட் டைலில் அதை எடுப்பது பெரும்பாடு. சுவரும் சுவரும் சேரும் உள்மூலைகளில் மட்டும் எபாக்ஸிக்குப் பதில் சிலிக்கான் வைத்தோம், அங்கே அசைவு இருக்கும்.

இரண்டு மூலைகள் சேர்ந்து ஒரு முனையில் முடியும் இடம் இருக்கிறதே, அரைச்சுவரின் உச்சி, அங்கே மூன்று டைல்கள் மூன்று திசையிலிருந்து வருகின்றன. மூன்றையும் 45-இல் சேர்க்கலாம், நல்ல கைக்கு முடியும். ஆனால் அம்மா கை ஊன்றுவது சரியாக அங்கேதான். அதனால் அரைச்சுவரின் தலையில் டைலே வேண்டாம் என்று முடிவு செய்து, 18 மி.மீ. கிரானைட் பலகை ஒன்றை ஓரம் உருட்டி மோல்டிங் போட்டு வைத்தோம். குளிக்கும் பக்கம் இரண்டு மி.மீ. சரிவு, தண்ணீர் தேங்காது. கீழே டைலுக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்பதால் டைலின் மேல் ஓரமும் மறைந்துவிட்டது. மாடத்தின் அடியிலும் அதே கிரானைட். இப்படிச் செய்ததில் கஷ்டமான 45-கள் பாதி குறைந்தன. அழகும் குறையவில்லை, என் கண்ணுக்குக் கூடியது. எல்லா மூலையிலும் 45 போட்டால்தான் ஒழுங்கான வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூலி பேசும்போது மூலையைச் சதுர அடிக்குள் சேர்க்காதீர்கள். ஒரு ரன்னிங் அடி 45 எடுக்கும் நேரத்தில் பல சதுர அடி சமச்சுவரை ஒட்டிவிடலாம். சதுர அடிக் கூலியில் அதையும் திணித்தால், அவசரத்தில் நுனியும் போகும், பின்னால் கம் நிரப்பலும் போகும். நாங்கள் மூலைக்குத் தனியாக ரன்னிங் அடி விலை பேசினோம். டைலும் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கினோம், இழைப்பில் உடைவது இருக்கத்தான் செய்யும்.

எபாக்ஸி முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பாத்ரூமில் வெந்நீரும் பக்கெட்டும் வேண்டாம். வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றித் தரையைக் கழுவித் தருவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், சிமென்ட் கிரௌட்டை அது அரித்துவிடும், குழாய்களின் பளபளப்பும் போகும். உப்புக்கறைக்கு வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரும், குளித்து முடித்ததும் மூலைகளை ஒரு துணியால் துடைப்பதும் போதுமானதாக இருக்கிறது. மீந்த டைல்களை ஷேடு எண் தெரிகிற மாதிரி பரணில் வைத்திருக்கிறோம், எபாக்ஸியின் நிற எண்ணையும் அதே பெட்டி மேல் எழுதியாயிற்று. என்றைக்காவது வாளி இடித்து ஒரு சில்லு போனால், அந்த இடத்தைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அதே நிற எபாக்ஸியை ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு 400-ஆல் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.